காலியாக இருந்திருக்க வேண்டிய கட்டங்கள்: பாம்பன் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வு நெறிமுறை வகுப்பு என்றால் தென்கொரியாவில் ஒருவர், நெதர்லாந்தில் ஒருவர் என்று நாலு மோசடிக் கதைகளைச் சொல்லி, திரையில் சில விதிகளைக் காட்டி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைவது நம் கல்லூரிகளில் பழகிப்போய்விட்டது. 2019 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), முனைவர் பட்ட மாணவர்களுக்கென ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் பற்றிய 2 கிரெடிட் பாடம் ஒன்றைக் கொண்டுவந்தது. பாடம் வந்தது, அதற்கு நம் பக்கத்து உதாரணங்கள் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் மாணவி, நெறியாளர், கல்லூரி, இதழ் என எதுவும் குறிப்பிட்ட ஒருவரையோ ஓர் இடத்தையோ சுட்டுவதல்ல. பாசி எடுப்பைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்து, பிறகு திரும்பப் பெறப்பட்டதைச் சொல்லும் இது, பல இடங்களில் நடப்பவற்றைக் கோத்து வகுப்புக்காக அமைத்த நிகழ்வு. கடலும் காற்றும் பாசியும் சட்டமும், இடையிடையே வரும் வெளிநாட்டு விவகாரங்களும் உள்ளபடியே சொல்லப்பட்டவை.

இரண்டு கடல்

பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் ஊரில் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். இந்த நிகழ்வின் பாதி முடிச்சு இந்த ஒரு செய்தியிலேயே அவிழ்ந்துவிடும். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் நான்கு பேரும் அதை மதிப்பிட்டதாகச் சொன்ன மூன்று பேரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் கதை.

சின்னப்பாலம், ஓலைக்குடா, தங்கச்சிமடம், வேதாளை, ஏர்வாடி என நீளும் இந்தக் கரையில் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்பவை அவர்கள் வழங்கும் பெயர்கள். கட்டுரைகளில் இவையே ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம், டர்பினேரியா. முதல் இரண்டும் அகர் தயாரிப்புக்கும் மற்ற இரண்டும் ஆல்ஜினேட் தயாரிப்புக்கும் போகின்றன; இரண்டும் பாசியிலிருந்து எடுக்கும் கூழ்மப் பொருள்கள். கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி இறங்குவார்கள். எடுத்த பாசியைக் கரையில் உலர்த்தி வியாபாரியிடம் எடை போடுவார்கள்.

எல்லா நாளும் போவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள் என்று அவர்களே வரையறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டியும் பாசி எடுப்பதை நிறுத்திவைக்கிறார்கள். கிழக்குக் கரையில் 2017 முதல் அந்தத் தடை ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள். பாசி மறுபடி தழைக்க இடம்விட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரிக்கொழுந்து செழிப்பாக வளரும் இடங்களில் பல, 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி இருக்கின்றன. பூங்கா எல்லைக்குள் போகக் கூடாது என்பது வனத்துறையின் நிலை. தலைமுறை தலைமுறையாகப் போன இடம் என்பது பெண்களின் நிலை. இந்த இழுபறி இன்றும் தீரவில்லை. ஆகவே இந்தக் கரையில் ஒருவர் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, 'இங்கே பாசி எடுக்கப்படுகிறது' என்று அச்சிட்டால் அது வெறும் அறிவியல் தகவலாக நின்றுவிடாது.

குறிப்பேடு

மாணவி உள்நாட்டுக் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர். பாசி எடுப்பின் பருவ மாற்றம்தான் அவருடைய தலைப்பு. விடுதி அறை எடுக்கப் பணமில்லாமல் பாம்பனில் ஒரு பாசிக்கார அக்காவின் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு கரைக்குப் போய், எடை போடும் இடத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கடலே தெரியாமல் கடலைப் பற்றி ஆய்வேடு எழுதுபவர்கள் மலிந்த காலத்தில் இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவருடைய களக் குறிப்பேடு நீளவாக்கில் கோடு போட்ட சாதாரணக் கணக்கு நோட்டு. இடது ஓரத்தில் தேதி, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் திதி. அடுத்து எந்தக் கடல், எத்தனை பேர் போனார்கள், ஈர எடை, உலர் எடை. சில பக்கங்களில் எண்களே இல்லை. 'கச்சான் காற்று. யாரும் போகவில்லை.' 'தடை.' 'சந்தியாகப்பர் திருவிழா. யாரும் போகவில்லை.' 'அஷ்டமி, நீர் வற்றாது என்றார்கள்.' ஓரிடத்தில், 'வடகடலுக்கு மாறினார்கள், அங்கே மரிக்கொழுந்து குறைவு, கஞ்சிப்பாசிதான்' என்று ஒரு வரி. அந்த நோட்டைப் படித்தால் இந்தக் கரையில் ஓர் ஆண்டு எப்படிக் கழிகிறது என்பது புரிந்துவிடும்.

நெறியாளரும் அதைப் புரட்டினார். அவர் கண்ணில் பட்டது வெற்றிடங்கள் மட்டும். பன்னிரண்டு மாதம், இரண்டு கடல், நான்கு வகைப் பாசி என்று அட்டவணை போட்டால் ஏறக்குறைய பாதிக் கட்டங்கள் காலி. "இப்படி ஓட்டையாக இருந்தால் எந்த இதழும் எடுக்காது அம்மா. முன்மாதம், பின்மாதம் பார்த்துச் சராசரி போட்டு நிரப்பிக் கொண்டு வா" என்றார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். விடுபட்ட தரவை மதிப்பீடு செய்து நிரப்புவது புள்ளியியலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். எந்தக் கட்டம் அளந்தது, எந்தக் கட்டம் மதிப்பிட்டது, எந்த முறையில் மதிப்பிட்டது என்று கட்டுரையிலேயே சொல்லிவிட்டால் அது தவறல்ல. சொல்லாமல் விட்டு, பக்கத்தில் ஒரு திட்ட விலக்கத்தையும் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற எண்) சேர்த்து, 'மாதம் மூன்று முறை மாதிரி எடுக்கப்பட்டது' என்று எழுதி, அதற்குத் தேதிகளும் போட்டுவிட்டால் அது புனைவு. மாணவி செய்தது இரண்டாவது. அட்டவணை முழுமையாகிவிட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. அந்தக் காலிக் கட்டங்கள்தான் கண்டுபிடிப்பு. இந்தப் பெண்கள் எப்போது கடலில் இறங்குவதில்லை, ஏன் இறங்குவதில்லை என்பதற்கான ஆதாரம் அவற்றில் இருந்தது. பாசி வளத்தை யார் அழிக்கிறார்கள் என்று ஆளாளுக்குக் குற்றம் சாட்டும் இடத்தில், எடுப்பவர்களே ஓய்வு விடுகிறார்கள் என்பதற்கு நாள்வாரியான பதிவு கிடைப்பது அரிது. அதைத் தரவுக் குறைபாடு என்று நினைத்து அழித்தார்கள்.

ஐந்து பெயர்கள்

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் யுஜிசி விதிகள், ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் மதிப்பாய்வு செய்யப்பட்ட (அதாவது, துறை அறிந்த பிறர் படித்துச் சரிபார்த்த கட்டுரைகளை வெளியிடும்) இதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்றன. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஆனால் தங்கள் அளவில் அதை வைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. பதவி உயர்வுக் கணக்கில் கட்டுரை எண்ணிக்கை இன்றும் பேசும். மாணவிக்குப் பட்டம், நெறியாளருக்குப் புள்ளிகள்.

ஒரு முகவர் வந்தார். இப்போதெல்லாம் இவர்கள் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுத் திறந்த அணுக்க இதழ் (படிப்பவருக்கு இலவசம், எழுதுபவருக்குக் கட்டணம்) ஒன்று கடலோர வளங்கள் பற்றிச் சிறப்பிதழ் கொண்டுவருவதாகவும், விருந்தினர் ஆசிரியர் தமக்கு வேண்டியவர் என்றும், கட்டணம் கட்டினால் மீதியைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். கட்டணத்தில் பாதியைக் குறைக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்: ஆசிரியர் பட்டியலில் ஓர் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆகக் கட்டுரையில் ஐந்து பெயர்கள் வந்தன. மாணவி, நெறியாளர், வண்டி கொடுத்து உதவிய கல்லூரி முதல்வர், துறையில் பக்கத்து மேசைக்காரர், கடைசியாகக் கடல் கடந்த நாட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்ட, யாரும் பார்த்திராத ஒருவர். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை உலகம் முழுக்க வேறு துறைகளும் பின்பற்றுகின்றன. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு ஆகிய நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். நான்காவது நிபந்தனை 2013-இல் சேர்க்கப்பட்டது. வண்டி கொடுத்தவருக்கு நன்றி சொல்லலாம், ஆசிரியராக்க முடியாது. இந்த ஐவரில் நான்கையும் நிறைவு செய்தவர் மாணவி ஒருவர்தான்.

வீட்டில் இடம் கொடுத்து, திதி சொல்லிக்கொடுத்து, பாசி வகைகளைப் பிரித்துக் காட்டிய அக்காவின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. ஆனால் அவருடைய முகம் இருந்தது. இரண்டாம் படத்தில், வலைப்பையோடு அவர் நீரிலிருந்து எழும் புகைப்படம். பக்கத்திலேயே தீவுகளைச் சுற்றிப் புள்ளி வைத்த வரைபடம், அட்சரேகை தீர்க்கரேகையோடு. கட்டுரையை ஏற்றும் படிவத்தில் 'மனிதர் தொடர்பான ஆய்வா' என்ற கேள்விக்குப் 'பொருந்தாது' என்று டிக் செய்திருந்தார்கள். பாசியைப் பற்றிய கட்டுரைதானே என்பது அவர்கள் நினைப்பு. பூங்காவுக்குள் மாதிரி எடுத்ததாக எழுதியவர்கள் வனத்துறை அனுமதி எண்ணைக் குறிப்பிடவில்லை. மாணவி பூங்காவுக்குள் போகவே இல்லை; பெண்கள் சொன்ன இடங்களைக் கைபேசியில் குறித்துக்கொண்டிருந்தார்.

'நலன் முரண்பாடு இல்லை' என்ற வரியும் இருந்தது. கட்டுரையின் முடிவுரையோ, இயற்கைப் பாசி எடுப்பு வளத்தைக் குறைக்கிறது, மாற்றாகப் பண்ணை வளர்ப்பை ஊக்குவிக்க வேண்டும் என்றது. அதே காலத்தில் நெறியாளர் ஒரு பாசி வளர்ப்பு நிறுவனத்துக்கு ஆலோசகர். இந்தக் கரையில் இது சின்ன விஷயமில்லை. ஊரில் 'பெப்சி பாசி' என்று வழங்கும் கப்பாஃபைகஸ் வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்ட இனம். அது குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்வதாக 2008-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. வளர்ப்புத் தொழில்நுட்பத்தில் பங்கிருந்த ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2010-இல் மற்றோர் இதழில், பாதிப்பு மிகச் சிறிய பரப்பில்தான் என்று எழுதினார்கள். யார் சரி என்பது இங்கே பேச்சில்லை. இரண்டையும் படிப்பவருக்கு, எழுதியவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். நலன் முரண்பாட்டு வரி அதற்காகத்தான் இருக்கிறது.

மூன்று மதிப்பீடுகள்

சிறப்பிதழ் என்பது வழக்கமான ஆசிரியர் குழுவுக்கு வெளியே, ஒரு விருந்தினர் ஆசிரியர் பொறுப்பில் வருவது. நல்ல சிறப்பிதழ்கள் இருக்கின்றன. ஆனால் கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஹிந்தாவி காட்டியது. 2021-இல் வைலி வாங்கிய அந்தப் பதிப்பகம், 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை.

இந்த இதழ், மதிப்பீட்டாளர்களை ஆசிரியர்களே பரிந்துரைக்கலாம் என்று வைத்திருந்தது. முகவர் மூன்று பேராசிரியர்களின் பெயரைக் கொடுத்தார். மூவரும் உண்மையில் இருப்பவர்கள். மின்னஞ்சல்கள் மட்டும் முகவர் திறந்தவை, பல்கலைக்கழக முகவரிகள் அல்ல. இது பழைய தந்திரம். 2012-இல் தென்கொரிய ஆய்வாளர் ஹியூங்-இன் மூன் இதையே செய்து பிடிபட்டார். மதிப்பீடுகள் 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்ததே இதழாசிரியருக்குச் சந்தேகம் எழக் காரணமாயிற்று. உண்மையான மதிப்பீட்டாளர் யாராவது அவ்வளவு சீக்கிரம் பதில் போடுவாரா! 2017-இல் 'டியூமர் பயாலஜி' இதழின் 107 கட்டுரைகள் ஒரே வீச்சில் திரும்பப் பெறப்பட்டதும் போலி மதிப்பீட்டால்தான்.

வந்த மூன்று மதிப்பீடுகளையும் வகுப்பில் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். முதலாவது, ஆங்கிலத்தைச் சீர்செய்யச் சொன்னது. இரண்டாவது, ஐந்து கட்டுரைகளை மேற்கோள் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. ஐந்தும் விருந்தினர் ஆசிரியர் எழுதியவை. மூன்றாவது, படங்களின் தெளிவைக் கூட்டச் சொல்லிவிட்டு, 'மிக முக்கியமான ஆய்வு' என்று முடிந்தது. 'முறைகள்' பகுதியைப் பற்றி மூவருக்கும் ஒரு கேள்வியும் இல்லை. பாசி எடை ஈரமா உலர்ந்ததா என்று கேட்கவில்லை. அனுமதி எங்கே என்று கேட்கவில்லை. இந்தப் பெண்மணி தம் படத்தைப் போடச் சம்மதித்தாரா என்று கேட்கவில்லை. திருத்தி அனுப்பிய வாரத்திலேயே கட்டுரை வெளிவந்தது.

2013-இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், பாசிகளோடு பூஞ்சை கூடி வாழும் லைக்கனிலிருந்து புற்றுநோய் மருந்து எடுத்ததாக வேண்டுமென்றே ஓட்டையான கட்டுரையைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன. அவர் வலையில் விழுந்தவற்றில் கணிசமான இதழ்கள் இந்தியாவிலிருந்து நடந்தவை. அதை அப்போது 'சயின்ஸ்' வெளியிட்டபோது நம்மவர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோபத்தில் எனக்கும் கொஞ்சம் உடன்பாடு உண்டு, சந்தா இதழ்களுக்கும் அதே கட்டுரையை அனுப்பிப் பார்த்திருக்கலாமே என்பதால். ஆனாலும் எண்கள் எண்கள்தான்.

மதிப்பாய்வை நான் ஒரு புனிதச் சடங்காகப் பார்க்கவில்லை. 1665-இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் இதழ் தொடங்கியபோது இன்றைய வடிவில் மதிப்பாய்வு இல்லை. 'நேச்சர்' இதழே 1973-இல்தான் வெளி மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது. இந்தக் கரைக்கும் இதழ் மரபு புதிதல்ல. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தன் ஆரம்ப காலத்தில் மண்டபம் முகாமிலிருந்து இயங்கியது. இந்திய கடல் உயிரியல் சங்கம் 1958-இல் மண்டபத்தில்தான் உருவாகித் தனக்கென இதழ் நடத்தியது. எழுதியவர் சொன்ன பாறை எது, நீரோட்டம் எது என்று படித்தவர்களுக்குத் தெரிந்திருந்த இடம் இது. அந்தப் பரிச்சயமும் ஒரு வகை மதிப்பாய்வுதான். கட்டுரைகள் கண்டம் தாண்டிப் போனபோது அது கழன்றுகொண்டது.

அஷ்டமியில் என்ன பாசி?

கட்டுரை வந்து பல மாதம் கழித்து, மண்டபத்தில் பாசி ஆய்வில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அதைப் படித்தார். முதலில் மாதவாரி எண்களைக் காட்டும் கோட்டுப்படம் அவருக்கு உறுத்தியது. இரண்டு கடலின் பாசி எடுப்பும் ஒரே மாதத்தில் ஏறி ஒரே மாதத்தில் இறங்கின. தென்கடலில் ஆள் இறங்க முடியாத காற்றுக் காலத்தில் தென்கடல் எண்ணும் கூடியிருந்தது. அடுத்து மே மாத எண்கள். தடைக்காலத்தில், அதுவும் நான்கு வகைப் பாசிக்கும்.

பிறகு அவர் செய்ததை எந்த மென்பொருளும் செய்திருக்காது. இணைப்பு அட்டவணையில் இருந்த மாதிரி எடுத்த தேதிகளை ஒவ்வொன்றாகப் பழைய நாட்காட்டியில் வைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் சப்தமி, அஷ்டமி, நவமி. ஏற்ற இறக்கம் குறைந்து நீர் வற்றாத நாள்கள். தாளை எடுத்துக்கொண்டு பாம்பனுக்குப் போய் மூத்த பாசிக்காரம்மா ஒருவரிடம் தேதிகளைப் படித்துக் காட்டினார். "அஷ்டமியில் எவள் சார் கடலுக்குப் போனாள்? போனவளைச் சொல்லுங்கள், நானே கேட்கிறேன்" என்று அவர் சிரித்திருக்கிறார். அடுத்த பக்கத்தில் படம் வந்ததும் சிரிப்பு நின்றது. தெரிந்த முகம். பக்கத்தில் தீவு, தீவின் பெயர், புள்ளி.

அந்த அக்காவுக்குச் செய்தி போன வழி இதுதான். மாணவி அவரிடம் படம் எடுக்கும்போது கேட்டிருந்தார், "படிப்புக்குத்தானே, எடுத்துக்கொள் பாப்பா" என்று அவரும் சொல்லியிருந்தார். உலகம் முழுக்க யாரும் இறக்கிப் பார்க்கும்படி, பூங்கா எல்லைக்குள் புள்ளி வைத்த வரைபடத்துக்குப் பக்கத்தில் அது வரும் என்று யாரும் சொல்லவில்லை. படம் எடுக்கக் கொடுத்த சம்மதத்தை வெளியிடுவதற்கான சம்மதமாக நீட்ட முடியாது. ரோந்துப் படகு வந்தால் தன்னைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்பது அவருடைய பயம். கட்டுரையால் ஐந்து பேருக்கு வந்த கெடுதலை எல்லோரும் பேசுகிறார்கள். கட்டுரையில் பெயரே இல்லாதவருக்கு வந்ததை விசாரணைக் குழுகூடப் பேசவில்லை.

விசாரணை

ஓய்வுபெற்றவர் இதழுக்கு எழுதினார். பதிலில்லை. மறுபடி எழுதினார், விருந்தினர் ஆசிரியருக்கு அனுப்பியிருப்பதாக ஒரு வரி வந்தது. யார்மீது புகாரோ அவரிடமே புகார் போனது. பிறகு, வெளியான கட்டுரைகளைப் பற்றி யாரும் கருத்தெழுதும் பப்பியர் (PubPeer) என்ற இணையதளத்தில் தேதிகளையும் திதிகளையும் அடுக்கிப் போட்டார். அது பலருடைய கண்ணில் பட்ட பிறகே பதிப்பகத்தின் நெறிமுறைப் பிரிவு அசைந்தது. 1997-இல் தொடங்கப்பட்ட வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப், இத்தகைய புகாரை எப்படிக் கையாள வேண்டும் என்று படிப்படியாக வரைந்து வைத்திருக்கிறது: முதலில் ஆசிரியர்களிடம் மூலத் தரவைக் கேள், பதில் திருப்தியில்லை என்றால் நிறுவனத்திடம் விசாரிக்கச் சொல். பதிப்பகம் அப்படியே செய்தது. மதிப்பீட்டாளர்களின் மின்னஞ்சலைச் சோதித்தபோது முகவரின் வேலையும் வெளியே வந்தது. கட்டுரைமீது எச்சரிக்கைக் குறிப்பு ஏறியது.

கல்லூரிக்குள் நடந்தது வேறு மாதிரி. முதலில், கட்டுரை பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமைச் சோதனை அறிக்கையை எடுத்து மேசைமேல் போட்டார்கள்: 8 சதவீதம். யுஜிசியின் 2018-ஆம் ஆண்டு விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40, 40 முதல் 60, 60-க்கு மேல் என்று படிகள் உண்டு. கடைசிப் படிக்கு இரண்டு ஊதிய உயர்வு வெட்டு, மூன்றாண்டு நெறியாளராக இருக்கத் தடை. எல்லாம் கருத்துத் திருட்டுக்கான படிகள். எண்களைக் கற்பனை செய்ததற்குப் படி எங்கே? தேடினார்கள், கிடைக்கவில்லை. கற்பனைத் தரவு எப்போதும் ஒப்புமைச் சோதனையில் தேறிவிடும்; அதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாதல்லவா. ஒப்புமைச் சதவீதம் குறைவாக இருப்பதை நேர்மைச் சான்றிதழாக நடத்தும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நெறியாளரே துறைத்தலைவர் என்பதால் துறை அளவிலான குழு பொருந்தாது; நிறுவன அளவிலான குழு கூடியது. அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதி இங்கே கைகொடுத்தது. அந்த வெளி உறுப்பினர்தான், "மூலக் குறிப்பேட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள்" என்றார். மாணவி கொண்டுவந்தார். நோட்டையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வாதிட எதுவும் இல்லாமல் போயிற்று. எங்கெல்லாம் 'யாரும் போகவில்லை' என்று இருந்ததோ அங்கெல்லாம் அட்டவணையில் ஓர் எண், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு. போதாக்குறைக்கு ஒரு மாதத்தின் உலர் எடை இன்னொரு மாதத்தின் ஈர எடையோடு கூட்டப்பட்டிருந்தது.

நெறியாளர், நிரப்பச் சொன்னது உண்மை, ஆனால் குறிப்பிட்டு நிரப்பச் சொன்னேன் என்றார். முதல்வர், என் பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது என்றார். தெரியாத பெயர் எப்படி அவருடைய பதவி உயர்வு விண்ணப்பத்தில் ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தாவது ஆசிரியருக்கு அனுப்பிய கடிதம் முகவரி இல்லை என்று திரும்பியது. முடிவில் நெறியாளருக்குப் புதிய மாணவர் சேர்க்கக் குறிப்பிட்ட காலம் தடை. மாணவிக்கு எச்சரிக்கை, ஆய்வேட்டிலிருந்து அந்த இயலை நீக்கி எழுத உத்தரவு.

தண்டனை போதுமா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரியும். மாணவியையும் பதிவிலிருந்து நீக்கியிருக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. எண்களை எழுதிய கை அவருடையதுதான், பொறுப்பு உண்டு. ஆனால் கையெழுத்துக்காக ஆண்டுக் கணக்கில் ஒருவர் வாசலில் நிற்க வேண்டிய அமைப்பில், 'முடியாது சார்' என்று சொல்லும் விலையை அவர் மட்டும் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எளிது. குறிப்பேட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தவரும் அவர்தான். முகவருக்கு எதுவும் ஆகவில்லை. புதிய எண்ணில் இருந்து இன்றும் அழைப்பு வருகிறது.

அறிவிப்பு

திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. கோப் வழிகாட்டுதல்படி, யார் திரும்பப் பெறுகிறார்கள், ஏன் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். வந்த வாசகமோ, 'மதிப்பாய்வு நடைமுறையில் முறைகேடுகள் கண்டறியப்பட்டதாலும் தரவின் நம்பகத்தன்மை குறித்த ஐயங்களாலும்' என்று பொதுவாக நின்றது. எந்த எண்கள் அளந்தவை, எந்த எண்கள் புனைந்தவை என்று இல்லை. பாசி எடுப்பு வளத்தைக் குறைக்கிறது என்ற முடிவுரை தவறு என்றும் இல்லை. அந்த முடிவுரையை மேற்கோள் காட்டிய திட்ட அறிக்கை ஒன்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அதை எழுதியவர்களுக்கு இந்த அறிவிப்பு போய்ச் சேர வழியும் இல்லை. கட்டிய கட்டணமும் திரும்பவில்லை.

படத்தைப் பொறுத்தவரை, பதிப்பகம் ஒவ்வொரு பக்கத்திலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்று குறுக்கே முத்திரை போட்டது. முத்திரைக்குக் கீழே முகம் அப்படியே தெரிந்தது. திரும்பப் பெற்ற கட்டுரையும் பதிவாக நிலைத்திருக்க வேண்டும் என்பது நல்ல கொள்கைதான். தனிநபருக்கு ஆபத்து என்றால் படத்தை நீக்கலாம் என்ற விலக்கும் உண்டு. யாராவது கேட்டால்தானே. மாணவி எழுதிக் கேட்ட பிறகு படத்தையும் ஆயங்களையும் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) நீக்கினார்கள். தரவிறக்கிப் பதிவேற்றும் தளங்களில் உள்ள பிரதிகளை எடுக்க அவர்களாலும் முடியவில்லை.

இரண்டாவது கட்டுரை

ஆய்வேடு முடிந்த பிறகு மாணவி குறிப்பேட்டை மட்டும் வைத்து வேறொரு கட்டுரை எழுதினார். அட்டவணையில் காலிக் கட்டங்கள் காலியாகவே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே காரணம், காற்று, தடை, திதி, திருவிழா. தீவுகளின் ஆயங்கள் இல்லை. வடகடல், தென்கடல் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். முந்தைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டதை இதழாசிரியருக்கான கடிதத்திலேயே சொல்லிவிட்டார். ஆசிரியர் பட்டியலில் இந்த முறை இரண்டு பெயர்கள்: மாணவி, பிறகு பாசிகளை இனங்காண உதவி முழுக் கட்டுரையையும் திருத்திய அந்த ஓய்வுபெற்றவர்.

இதழ் உள்நாட்டு இதழ், கட்டணம் இல்லை. மதிப்பீடு வர நெடுங்காலம் ஆயிற்று. இரண்டாம் மதிப்பீட்டாளர் கடுமையானவர். காற்று வேகத்துக்கு வானிலைத் துறைத் தரவு எங்கே, ஒரே வியாபாரியின் எடைக்கல்லை நம்பியது ஏன், ஈர எடைக்கும் உலர் எடைக்கும் விகிதம் பாசிக்குப் பாசி மாறுமே என்று வரிவரியாகக் கேட்டிருந்தார். சிலவற்றுக்குப் பதில் இருந்தது. எடைக்கல் விஷயத்தில் இல்லை, அது வரம்பாகக் கட்டுரையில் ஏறியது.

நன்றியுரையில் அந்த அக்காவின் பெயரையும் மற்றவர்கள் பெயரையும் போட மாணவிக்கு ஆசை. முந்தைய கட்டுரையில் செய்யத் தவறியதை இதில் சரிசெய்துவிடலாம் என்று பட்டியலோடு பாம்பனுக்குப் போனார். வேண்டாம் என்றார்கள். பெயர் வந்தால் ஊரும் வரும், ஊர் வந்தால் எந்த இடத்தில் எடுக்கிறீர்கள் என்ற கேள்வியும் வரும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நன்றியுரையில் பெயர் போடவும் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும் என்பதே விதி. 'இராமநாதபுரம் கடற்கரையின் பாசி எடுக்கும் பெண்கள்' என்று பொதுவாக எழுதினார். தரவு தந்தவர்கள் பெயரில்லாமல் இருப்பது நெறிமுறைக்குப் பொருந்துமா என்று முதல் மதிப்பீட்டாளர் கேட்டார். மாணவி காரணத்தை எழுதி அனுப்பினார். இதழாசிரியர் அந்தக் கேள்வியை விலக்கிவிட்டுக் கட்டுரையை ஏற்றார்.